அம்மையார் கேட்ட ஒரே ஒரு இருமல்

மேடையில் வீற்றிருக்கும் வானொலி நிலையத் தலைவர் அவர்களே! நாடகப் பிரிவில் என்னோடு சேர்ந்து நரைத்துப்போன தோழர்களே! தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே! வியாழக்கிழமை தவறாமல் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்த நேயர் பெருமக்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் 'குரல்மணி' அம்மையாரைப் புகழ்ந்தார்கள். அத்தனையும் உண்மை. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நாள் தாமதமாக வந்தவரா? இல்லை! தாள் சரசரக்கும் சத்தம் மைக்கில் விழ விட்டவரா? இல்லை! ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து மடியில் அடுக்கி வைத்துக்கொண்டுதான் படிப்பார். அப்பேர்ப்பட்ட கலைஞருக்கு நாம் என்ன செய்தோம்? பாருங்கள், 'நாம்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். நான் என்ன செய்தேன்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாலு வருஷம் ஓடிய நம் குடும்ப நாடகத்தை எழுதியவன் நான். கதையில் கணவன் இன்னொருத்தியோடு போய்விடுகிறான். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். கதவு தட்டும் சத்தம். அப்புறம் ஒரு இருமல். வசனமே கிடையாது! அந்த ஒரு இருமலுக்கு எல்லாரும் உருகிப் போனீர்கள். "பாவம், எங்கெங்கே அலைஞ்சானோ, யாரு சோறு போட்டாங்களோ" என்று மூட்டை மூட்டையாகக் கடிதம். கணவனாக நடித்தவர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருக்கு வந்த இருமல் மருந்தை வைத்து ஒரு கடையே திறந்திருக்கலாம். மனிதருக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது!

பிறகு மனைவி, அதாவது நம் அம்மையார் குரல் கொடுத்த பாத்திரம், வீட்டைவிட்டுப் போகிறாள். யாரோடு? யாரோடும் இல்லை! அந்த வீட்டில் அவளோடு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை என்று அக்கா வீட்டுக்குப் போகிறாள். நாற்பதே நாள். வந்தன பாருங்கள் கடிதங்கள்! "அடிப் பாவி, குடும்பத்தைக் கெடுத்தியே!" இரண்டு வருஷம் போனவன் பாவம். நாற்பது நாள் போனவள் பாவி. இது என்ன நியாயம்?

திட்டு கதைக்குள்ளேயே நின்றதா? பள்ளிக்கூடத்தில் இந்த மகளைக் கேட்டிருக்கிறார்கள், "உங்கம்மா வீட்டுலதான் இருக்காங்களா?" என்று. அம்மையார் வெளியே போனால் வாயைத் திறப்பதில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? காய்கறிக் கடையில் விரலை நீட்டித்தான் வாங்குவார். கடைக்காரர் இவரை வாய் பேச முடியாதவர் என்று நினைத்துவிட்டார். "பாவம்மா" என்று நாலு பச்சை மிளகாய் கூடுதலாகப் போடுவாராம். அதை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "எனக்குப் 'பாவம்' கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கடைதான் அண்ணே. வாயைத் திறந்தா அதுவும் போயிடும்." நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவன், நானும் சிரித்தேன்!

மனைவி திரும்பி வரும் காட்சி. பதிவுக்கு முன்னால் என் மேஜைக்கு வந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான்.

"அவருக்கு ஒரு இருமல் எழுதினீங்க இல்ல? எனக்கும் ஒண்ணு எழுதுங்கண்ணே."

"பொம்பளை இருமினா நடிக்கிறான்னுதாம்மா சொல்லுவாங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

நான் எழுதியிருந்தது வேறு. அவள் கணவன் காலில் விழுந்து, "நான் பண்ணினது தப்பு" என்று அழ வேண்டும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நேயர்கள் கேட்டாங்களாண்ணே?" என்றார். "ஆமாம்மா" என்றேன்.

அன்று அவருக்குக் காய்ச்சல். கதவு தட்டும் சத்தம் முடிந்ததும் நிஜமாகவே இருமிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நான் என்ன சொன்னேன்? "இருமல் இல்லாம இன்னொரு தடவை!" தண்ணீர் குடித்தார். இருமலை விழுங்கினார். காலில் விழுந்தார். அந்த டேக் ஓகே. அந்த வாரம் கடிதம் போட்டவர்கள் எல்லாரும் திருப்தி!

இத்தனை காலமும், "ஏன் அய்யா அப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "நேயர்கள் விருப்பம்" என்று சொல்லி வந்தேன். பொய்! அவள் போகிற காட்சியையும் காலில் விழுகிற காட்சியையும் ஒரே நாளில், ஒரே நோட்டில் எழுதினேன். முதல் கடிதம் வருவதற்கு முன்பே! அவனை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அவளை எழுதும்போது கோபம் வந்தது. நான் படைத்த பெண்ணை முதலில் 'பாவி' என்று திட்டியவன் நான்தான். நீங்கள் எல்லாம் எனக்குப் பின்னால் வந்தவர்கள்.

மகளே, உன் அம்மா என் பொய்யை நம்பினாரா, நம்பியதுபோல் நடித்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் இல்லாமலே நாளைக் கடத்திவிட்டேன். இப்போது கேட்க ஆளில்லை.

ஆனால் நம் ஒலிப்பதிவாளர் என்னைவிட நல்லவர். நான் வேண்டாமென்ற பதிவை அவர் அழிக்கவில்லை. போன வாரம் என்னிடம் போட்டுக் காட்டினார். கேட்டேன். உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த மாதம் இந்த நாடகம் மறு ஒலிபரப்பாகிறது. தலைவர் அவர்களின் அனுமதியோடு இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். காலில் விழும் காட்சி இருக்காது. கதவு தட்டும் சத்தம். அப்புறம் அம்மையாரின் இருமல். வசனம் கிடையாது. இனி நாடகப் பிரிவில் யார் எழுதினாலும், ஆணுக்கு எழுதிய இருமலைப் பெண்ணுக்கும் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் கடைசி வேலை.

அந்த வியாழக்கிழமை தயவுசெய்து ரேடியோவுக்கு முன்னால் உட்காருங்கள். அவர் இருமுவார். 'பாவம்' என்று ஒருவராவது வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லை, 'பாவி' என்றுதான் வருகிறதா? தாராளமாகக் கடிதம் போடுங்கள். இந்தத் தடவை என் பெயருக்குப் போடுங்கள். முகவரி பழையதுதான்.