சத்தம் வராத வலது பக்கம்

முடி வெட்டி முடித்ததும் சலூன்காரர் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பாரே, மேடம், அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். நம் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் பிடிக்கும். திருநகரில் நான் எலும்பு சீரமைப்பு கிளினிக் திறந்த பிறகுதான் எனக்கு அது தொல்லையானது. கழுத்தில் சத்தம் கேட்டால்தான் நம் ஆட்களுக்கு வைத்தியம் நடந்த மாதிரி. கேட்காவிட்டால் மெத்தையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

முத்துத்தாயும் எழுந்திருக்கவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவர், நாற்பத்தாறு வயது. நாள் முழுக்கக் குனிந்தே இருந்து கழுத்து இறுகிப்போயிருந்தது. என்னை "டாக்டர் தம்பி" என்பார். நான் டாக்டர் இல்லை, ஆனால் அவரைத் திருத்தியதும் இல்லை. இடது பக்கம் திருப்பினேன், சத்தம் வந்தது. வலது பக்கம் வரவில்லை.

"தல கிர்ருன்னு வருது தம்பி," என்றார்.

தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். என் ஆறு மாதப் படிப்பில் முதல் நாளே சொல்லித் தந்தது அதுதான். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு பக்கச் சத்தம்தான் வந்தது என்பது அவர்களுக்கும் தெரியும். வலது பக்கம் மூன்று முறை திருப்பினேன். மூன்றாவது முறை நன்றாகவே வந்தது. வெளியே யாரோ, "ஆத்தாடி, கேட்டியா?" என்று சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் முத்துத்தாய்க்கு நாக்கு குழறியது, வாய் ஒரு பக்கமாக இழுத்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அவரிடம் வாயு என்று சொல்லி உள்ளறையில் படுக்க வைத்துக் கதவைப் பூட்டினேன். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றால் அந்த எட்டுப் பேர் என்ன நினைப்பார்கள்? அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்ப இரண்டு மணி நேரமானது. ஒருவர் கழுத்திலும் நான் அவசரம் காட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் சம்மதப் படிவம் ஞாபகம் வந்தது. சிகிச்சைக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டியது. பேனாவை அவரால் பிடிக்க முடியவில்லை. அவருடைய கட்டைவிரலை நானே மையில் தோய்த்து வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தார். எழுதத் தெரிந்த பெண் ஏன் கைரேகை வைத்தார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் கணவர் வீரணனுக்குப் போன் போட்டு, "இப்பத்தான் மயங்குனாங்க," என்றேன்.

உயிர் தங்கிவிட்டது. கை கால் அசையாது, முகம் அசையாது, பேச்சு இல்லை. கண் மட்டும் மேலும் கீழும் போகும். புத்தி தெளிவாக இருக்கிறது, மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று பழக்குங்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் பழங்காநத்தத்தில் அவர் வீட்டுக்குப் போய்க் கை கால் நீவி விடுகிறேன். பதினான்கு மாதத்தில் ஒரு வாரமும் விட்டதில்லை. விட முடியவில்லை. நான் போகாத வாரத்தில் யாராவது அவரிடம் எதையாவது கேட்டுவிட்டால்? அந்த வீட்டுக்குள் நானும்தான் மாட்டிக்கொண்டேன். என் மேல் வழக்குப் போட்ட அன்று வீரணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பிதான் போடச் சொல்லி நிக்கிறான், மெர்வின் சார். தப்பா நெனைக்காதீக," என்றார்.

நான் போன முதல் ஞாயிறே மகள் தமிழ்வாணி ஓடிவந்து, "அம்மா மேல பாக்குறாங்க சார். ஆமாங்கிறாங்க," என்றாள்.

"அது நரம்புத் துடிப்பும்மா. உள்ள ஒண்ணும் இல்ல. நீ கேக்கக் கேக்க ஒனக்குத்தான் ஏக்கம். விட்டுரு," என்றேன்.

அழுதாள். பிறகு விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூட.

கைரேகை இருக்கிறது, ஜெயித்துவிடலாம் என்கிறார் என் வக்கீல். ஆனால் நுகர்வோர் ஆணையம் விசாரணைக்காக உங்களை ஒரு நரம்பு மருத்துவரோடு அனுப்புகிறதாம். திங்கட்கிழமை முத்துத்தாயிடமே கேட்கப் போகிறீர்களாம். அதனால் நானே எழுதித் தருகிறேன். தலை சுற்றுகிறது என்று சொன்ன பிறகும் கழுத்தைத் திருப்பினேன். இரண்டு மணி நேரம் அவரைப் பூட்டிய அறையில் கிடத்தினேன். ரேகையை நான் வைத்தேன். புத்தி இருக்கிறது என்று தெரிந்தே, இல்லை என்று அவர் பிள்ளையை நம்ப வைத்தேன்.

இப்போதெல்லாம் நான் உள்ளே போனதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். களைப்பாக இருக்கும். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள்: திங்கட்கிழமை அவரிடம் எதுவும் கேட்டுச் சிரமப்படுத்தாதீர்கள். அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் நானே சொல்லிவிட்டேன்.