போர்மா அறையின் மேல்ஜன்னல்கள்

நீங்கள் தந்த கட்டன்சாயாவில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், சார். ஆனாலும் தொண்டைக்கு இதமாக இருக்கிறது. இனி நிதானமாகச் சொல்ல முடியும்.

என் பெயர் செல்வதாஸ். மார்த்தாண்டத்துக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற முந்திரி ஆலையில் சுற்றுச்சூழல் அதிகாரி. ஊர்க்காரர்களுக்கு அது அண்டி ஆபீஸ். எங்கள் பருப்பை வாங்குவது ஐரோப்பாவில் ஒரு பிஸ்கட் கம்பெனி. அவர்கள் தங்கள் ஆலையில் புகையை எப்போதோ குறைத்துவிட்டார்கள். ஆனால் சரக்கு கொடுக்கிறவர்கள் வரைக்கும் நீளுகிற சங்கிலியில் எங்கே புகைந்தாலும் அவர்கள் கணக்கில்தான் சேரும். ஆகவே எங்கள் புகையைக் குறைக்கத் திட்டம் போட வேண்டும், குறைந்ததை ஆதாரத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். அதுதான் என் வேலை.

பெமிலா என் தங்கை. அம்மா இறந்தபிறகு அவளுக்குத் தலைசீவி, சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது நான்தான். வகிடு எப்போதும் கோணலாகவே வரும். அவள் அதை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவள் கணவன் சிஜினுக்குக் கத்தாரில் வேலை. வீட்டில் தனியாக இருக்கிறாளே என்று நான்தான் அவளைப் போர்மா அறையில் மேற்பார்வைக்குச் சேர்த்துவிட்டேன். போர்மா என்றால் பருப்பைத் தட்டுத்தட்டாக அடுக்கி உலர்த்துகிற சூட்டறை.

விறகடுப்பை எடுத்துவிட்டு, முந்திரித் தோட்டிலிருந்து வாயு உண்டாக்கி எரிக்கிற அடுப்பை வைத்தோம். திட்டம் என்னுடையது. கம்பெனிக்காரர்கள் மற்ற ஆலைகளுக்கெல்லாம் எங்களை உதாரணம் காட்டினார்கள். ஆனால் நான் வாக்குக் கொடுத்த அளவுக்குக் குறைவு வரவில்லை. தேடிப் பார்த்ததில், சூடு போர்மா அறையின் மேல்ஜன்னல்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுப்பை நிறுவிய இன்ஜினியர் ராஜகுமார் போகும்போதே சொல்லியிருந்தார், அந்த ஜன்னல்களை மட்டும் அடைக்கக் கூடாதென்று. குழாயில் சின்னக் கசிவு வந்தாலும் விஷவாயு அறையில் தங்கிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சுவரில் ஒரு அலாரமும் மாட்டிக் கொடுத்தார். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

இந்தத் தொழிலில் எண்ணை மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. எரித்த விறகை எரிக்கவில்லை என்று காட்டுவது ஒரு நிமிட வேலை. எனக்கு அது வராது. குறைவு என்று எழுதினால் உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும். ஆகவே ஜன்னல்களில் தகரம் வைத்துத் திருகாணி போட்டேன். எரிபொருள் செலவு இறங்கியது. அன்று ஆலயத்தில் நன்றி சொல்லி ஜெபித்தேன்.

அலாரம் கத்தத் தொடங்கியது. பெண்கள் வேலையை விட்டு வெளியே ஓடினார்கள். பழுதாகிவிட்டது என்று சொல்லி அதன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போர்மா அறையில் செல்லக்கனி என்று ஒரு அம்மா உண்டு. கொஞ்சம் வாய் கூடுதல். ஒருநாள் நான் வராந்தாவில் நிற்கும்போது அவர் குரல் கேட்டது.

"ஏட்டி பெமிலா, அந்தக் கதவையாவது தொறட்டி. மூச்சு முட்டுகு."

"தொறந்தா சூடு போயிரும் எக்கா. எங்க அண்ணன் ஒரு காரியம் சொன்னா சும்மா சொல்லாது."

அவளே எழுந்துவந்து கதவை இழுத்துச் சாத்தினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "அண்ணா, சாயங்காலம் ஆனா மண்டை பொளக்குது. ஓங்கரிச்சுக்கிட்டு வருகு," என்றாள்.

"வெறும் வயித்துல வேலைக்குப் போனா அப்படித்தான் மக்கா. கஞ்சி குடிச்சிட்டுப் போ," என்றேன்.

மறுநாளிலிருந்து கஞ்சி குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் கம்பெனியின் சரிபார்ப்பாளர் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒருநாள் நல்ல மழை. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். சூடு இறங்கிவிடக் கூடாதென்று அவள் மட்டும் உள்ளேயே இருந்தாள். நான் போனபோது தட்டுகளுக்குப் பக்கத்தில் கிடந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, கல்யாணத்தன்று இருந்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தாள். அந்தச் சிவப்பு எதனால் வருகிறதென்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில், சின்ன வயசிலிருந்தே அவளுக்கு இருதயம் பலவீனம் என்று சொன்னேன். சொந்த அண்ணன் சொல்வதை யார் சந்தேகப்படுவார்கள்? சிஜின் அடுத்த விமானத்தில் வந்தான். கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் தூரத்துல கெடந்தேன். நீங்க பக்கத்துல உண்டுங்கதுதான் மச்சான் ஒரே ஆறுதல்," என்று அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, சார். இப்போதும் தெருவில் எந்தப் பிள்ளையாவது கோணல் வகிடோடு போனால் என்னால் நிற்க முடிவதில்லை.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே தகரங்களை மறுபடி திருகினேன். சரிபார்ப்பாளரின் வருகையைத் தள்ளிவைத்திருந்தார்கள். அதற்குள் குறைவு கைநழுவிப் போனால் அவள் வீணாகச் செத்ததாக ஆகிவிடாதா? அப்படித்தான் அன்று நினைத்தேன். அந்த வாரமே செல்லக்கனி விழுந்தார். அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். வெளியே தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கண்விழித்து ஜன்னல்களைப் பற்றிச் சொன்னதால்தான் நான் இந்த ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

நான் பார்த்தபோது பெமிலாவுக்கு உயிர் இருந்ததா என்று காலையில் கேட்டீர்கள். இல்லை என்றேன்.

இருந்தது. மணிக்கட்டில் மெல்லத் துடித்தது. வாசல் நாலு எட்டு வைக்கிற தூரம்தான். அவளைத் தூக்குவது எனக்குப் பாரமே இல்லை. ஆனால் ஆட்கள் வந்தால் தகரத்தைப் பார்ப்பார்கள். அவளைத் தாண்டி ஏணியை இழுத்துப் போட்டேன். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினேன். தகரங்களைக் கொண்டுபோய்த் தோட்டுக் குவியலுக்குப் பின்னால் வைத்தேன். அதன்பிறகு திரும்பி வந்துதான் ஆட்களைக் கூப்பிட்டேன். அப்போது மணிக்கட்டில் துடிப்பு அடங்கியிருந்தது.

இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் நான் காட்டிய குறைவு உண்மையான குறைவு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பெமிலா இருந்திருந்தால் அவளே இங்கே வந்து உங்களிடம் சொல்லியிருப்பாள், எங்க அண்ணனுக்குப் பொய் எழுதத் தெரியாதென்று.