கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேளுங்கள்

காரில் பாட்டுக் கேட்கிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்க வேண்டும். பாதிக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, "பேஸே வரலப்பா" என்று என் கடைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஆடியோ மாட்டுகிறேன். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை, ஐயா.

நவநீதகிருஷ்ணன் சார் விஷயத்தில் அது காரணமில்லை. ஓய்வுபெற்ற சர்வேயர், எழுபத்தொரு வயது, இதயத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். கேட்பதெல்லாம் நாதஸ்வரக் கச்சேரி. முதல் நாளே, "தவில்ல விரலு வாசிக்கிற பக்கம் கணீர்னு கேக்குது. குச்சியால அடிக்கிற தொப்பிப் பக்கம் கேக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாரப்பா" என்றார்.

கதவின் உள்பலகையைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. இரண்டு கதவு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் வயர் மாறியிருந்தது. அப்படி இருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் என்கிற கனத்த சத்தம் காணாமல் போய்விடும். ஐந்து நிமிட வேலை.

நான் மாற்றவில்லை. வேலை நடக்கும்போது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். எந்த ஊரில் எந்த அண்ணன் தம்பி வரப்புக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. என் கடைக்கு வருகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு போனைப் பார்ப்பார்கள். என் பெயரைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வயரைச் சரிசெய்தால் அத்தோடு போய்விடுவார். "இன்னும் செட் ஆகல சார், வர்ற வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.

ஏழு மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். ஸ்பீக்கர் பெட்டியை மாற்றினேன், சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப்பை மாற்றினேன், அந்த வயரை மட்டும் தொடவில்லை. குன்றக்குடிக்குப் போனால் எனக்கும் திருநீறு மடித்துக்கொண்டு வருவார். "நீ சரி பண்றதுக்குள்ள நானே தவில் கத்துக்கிருவேன் போலருக்கேப்பா" என்று கேலி செய்வார்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "மக காளீஸ்வரி ஓசூருக்கே வந்துருங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிது. வீட்டக் காலி பண்ணப் போறேன். காரையும் வித்துருவேன். கடைசியா அந்தத் தொப்பிச் சத்தத்த மட்டும் ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வயிறெரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அன்று வயரைச் சரியாக மாற்றினேன். கதவுக்குள்ளே ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உள்கைப்பிடியின் கம்பியும் போகிறது. முன்கதவு இரண்டிலும் அதைக் கழற்றிவிட்டேன். பின்கதவுகளில், குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கப் போடுகிற பூட்டைப் போட்டேன். உள்ளிருந்து எதுவும் திறக்காது, வெளியிலிருந்து எல்லாக் கதவும் திறக்கும். பேட்டரி பழசு, ஆம்ப்பைச் சத்தமாக ஓடவிட்டால் பத்து நிமிடம் தாங்காது. அது போனால் கண்ணாடியும் இறங்காது.

கல்லல் ஊருக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு பொட்டல் நிலம் உண்டு. ஆள் நடமாட்டம் கிடையாது. பாட்டுக் கேட்க அங்கேதான் போவார். "இன்ஜின ஆஃப் பண்ணிட்டுக் கண்ணாடிய ஏத்திவிட்டுக் கேளுங்க சார்" என்று நானே கதவைத் திறந்து உட்காரவைத்தேன். மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார், நான் போய்த் திறப்பேன், 'நீ இல்லாட்டி என் கதி என்னப்பா' என்பார். என் எண்ணம் அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார். "வீரபாண்டியா, தொப்பி பிரமாதமாக் கேட்டுச்சுப்பா. ஆனா பேட்டரி போயிருச்சு, கதவும் தொறக்க மாட்டேங்குது."

"இந்தா வாரேன் சார். பதறாதீக. வேற யாரையும் கூப்பிடாதீக, கண்ணாடிய ஒடச்சுப்புடுவாக."

"சரிப்பா. நீ வந்தாப் போதும்."

பைக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மறுபடி கூப்பிட்டு, "கெளம்பிட்டியா?" என்றார். கிளம்பிவிட்டேன் என்றேன். அடுத்த தடவை, வேர்த்துக் கொட்டுகிறது என்றார். ஐந்தாவது தடவை, "தம்பி, சீக்கிரம் வாய்யா" என்றார். அதற்கு முன் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அப்புறம் என் பெயரை மட்டும் சொன்னார். பதினோராவது அழைப்பில் பேச்சு இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. தானாக நிற்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அதன்பிறகு மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். வெளிக்கைப்பிடியை ஒரு தடவைதான் இழுத்தேன், கதவு திறந்துகொண்டது. அவர் கையில் போன் இருந்தது. கண்ணாடியில் உள்பக்கமெல்லாம் விரல் தடம்.

கம்பியைக் கழற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். யாரையும் கூப்பிட வேண்டாம் என்றதும் நான்தான். முதல் தடவை கூப்பிட்டபோதே ஏன் போகவில்லை என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அப்போதே போயிருந்தால், மற்ற பத்துத் தடவை அவர் என்னைக் கூப்பிட்டிருப்பாரா, ஐயா?