இருபத்தைந்தில் நிற்கும் தண்ணீர்

சில்லர் மிஷினைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. மீன் தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிற மிஷின் அது. பார்க்கச் சின்னது, கனம் ஜாஸ்தி. படுக்கவைத்தால் உள்ளே இருக்கிற ஆயில் போகக் கூடாத குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். புது இடத்தில் இறக்கிய பிறகும் உடனே ஸ்விட்சைப் போடாமல் ஆறவிட வேண்டும். மூட்டை இறக்கியவனைக் கொஞ்ச நேரம் குந்தவிடுகிற மாதிரிதான்.

ஐயா, நீங்கள் எழுதி வைத்திருந்ததில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு எழுத்து வந்தது தலை நரைத்த பிறகுதான். மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுத்தது ராஜாம்பாள் அம்மா.

என் பெயர் பொன்னுரங்கம். கல்வராயன் மலையடிவாரத்துக்காரன். கள்ளக்குறிச்சியில் நாராயணசாமி முதலாளியின் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். முதுகு போனதும், வீட்டில் மீன் தொட்டியைப் பார்த்துக்கொள் என்றார்கள். கடல் மீன். முதலாளி பாண்டிச்சேரியில் யார் வீட்டிலோ பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. அவருடைய ஆசை சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. அப்புறம் தொட்டி எனக்கும் அவர் சம்சாரம் ராஜாம்பாள் அம்மாவுக்கும்தான்.

அம்மா தினமும் கையைத் தண்ணீருக்குள் விட்டு, விரல் நுனியில் தீனி வைத்துக் கொடுப்பார். ஆரஞ்சு மீன் வந்து கொத்தும். சிரிப்பார். என்னை உட்கார வைத்து, உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டி, படி என்பார். நான் முதலில் படித்த சொல் அது. நல்ல மனுஷி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஒரு முறை மோட்டார் வயர் கெட்டுத் தொட்டித் தண்ணீரில் கரண்ட் இறங்கியிருந்தது. தெரியாமல் கையை விட்டேன், தூக்கிப் போட்டது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் அதோடு போயிற்று என்று ரிப்பேர்க்காரர் சொன்னார். விழுந்து கிடந்தபடியே நான் தொட்டியைப் பார்த்தேன். மீன்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. கரண்ட் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து தொட்டிக்கு முன்னால் ஒரு மரப்பலகை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. செருப்பைப் போட்டுக்கொண்டு பலகைமேல் ஏறித்தான் அம்மா கையை விடுவார். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியதே நான்தான்.

முதலாளி புது வீடு கட்டி முடித்தார். மிஷினைக் கழற்ற நான் உட்கார்ந்திருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"பொன்னுரங்கம், இருமல் ஜாஸ்தியாயிக்கினே போவுது உனுக்கு. புது வூட்ல தொட்டி மாடியில. உப்புத்தண்ணி கேனைத் தூக்கிகினு நீ படி ஏறவேணாம். ஐயாகிட்ட சொல்லிட்டேன். இத்த மாட்டிக் குடுத்துட்டு மில்லு கேட்டுல நாற்காலி போட்டு ஒக்காந்துக்கோ. சம்பளம் அதேதான்."

"மீனுங்கள யாரும்மா பாத்துக்கறது?"

"பாண்டிச்சேரிலேர்ந்து மாசத்துக்கு ஒருத்தர் வருவாரு. மத்த நாளு நான் இருக்கேன்."

"மிஷினு?"

"அது இன்னா, பட்டனைத் தட்டுனா ஓடிட்டுப் போவுது. ஏம்பா, மொகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? கொழந்தைய வுட்டுப் போறாப்பல!"

நல்லதுக்குத்தான் சொன்னார். நான் சரிங்கம்மா என்றேன். ஆனால் அவருக்கு மறதி ஜாஸ்தி. ஒரு நாள் மிஷின் நின்றுபோனதைக் கவனிக்காமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் கை வைத்தால் வெதுவெதுப்பு. நான் மட்டும் வராமல் போயிருந்தால் எல்லாம் செத்து மிதந்திருக்கும். அப்படிப்பட்டவர் கையில் எப்படி விட்டுப் போவது? நீங்களே சொல்லுங்கள்.

குட்டியானை வண்டியில் மிஷினை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனேன். புது வீட்டு வாசலில் முதலாளி பார்த்தார். "இன்னாடா, புதுப்பொண்ண இட்டுகினு வர்றாப்பல வர்ற? எறக்குடா, எறக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தொட்டியை நிறுத்தி, பழைய தண்ணீரையே ஊற்றி, மீன்களை விட்டேன். மிஷினின் சூட்டுக்காற்று வெளியேறச் சுவருக்கும் அதற்கும் நடுவே இடம் விட்டேன். குழாய்களை மாட்டி, ஒழுக்கு பார்த்து, ஆறவிட்டு, ஸ்விட்சைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் தண்ணீர் இருபத்தைந்து டிகிரிக்கு வந்து நின்றது. அவ்வளவு நல்ல வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. வயரில் என்ன செய்தேன் என்பதை உங்கள் ஆள் கழற்றிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. பலகையும் செருப்பும் பழைய வீட்டிலேயே கிடந்தன. மறந்துவிட்டேன் என்று முதலில் சொன்னேன். மறக்கவில்லை.

மறுநாள் பால் காய்ச்சினார்கள். பந்தி முடிந்து, சொந்தக்காரர்கள் போய், வேலைக்காரி காசியம்மாள் மாடித் தரையைக் கழுவிவிட்டிருந்தாள். அம்மா தீனி டப்பாவோடு ஏறி வந்தார். காலில் மஞ்சள் அப்படியே இருந்தது.

"செருப்பு எங்கப்பா?"

"பால் காச்சின வூட்டுக்குள்ள இன்னிக்குச் செருப்பு வேணாங்கம்மா."

"ஆமா, நல்லவேள சொன்ன" என்றார்.

நான் நான்காக மடித்த காய்ந்த சாக்கின்மேல் நின்றிருந்தேன். அம்மா கையை விட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை, மீன்களைத்தான் பார்த்தேன். ஆரஞ்சு மீன் கொஞ்சம் விலகிப் போய், திரும்பி வந்து, மிதந்த தீனியைத் தின்றது. என் கணக்கு சரியாக இருந்தது.

அம்மா விழுந்த சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்து மெயினை அணைத்தார். அம்மாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அப்போதுதான் மிஷின் சத்தம் நின்றிருப்பது காதில் பட்டது. வைகாசி வெயில். இதை நான் யோசிக்கவே இல்லை. வயரைப் பழையபடி சரியாக்கி, மெயினைப் போட்டு, மிஷினை ஓடவிட்டேன். விட்டுப் போன குடத்தை எடுக்க வந்த காசியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவி, அங்க உசுரு ஊசலாடுது, நீ இங்க இன்னாடா பண்ணிகினு கீற?"

அவள் சொன்னதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். நான் சும்மா இருந்திருந்தால் வயர் தானாகப் பழுதானது என்று போயிருக்கும். மீன்களுக்காகத்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு மனசே இல்லை என்று முதலாளி கத்தினாரே, அவர் இதையும் யோசிக்க வேண்டும்.

ஆம், ராஜாம்பாள் அம்மாவைக் கொன்றது நான்தான். தண்ணீரில் முதலில் இறங்குவது அவர் கைதான் என்று தெரிந்தே செய்தேன். யார் சொல்லியும் செய்யவில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, சுழி விடாமல்.

நேற்று நீங்கள், அறையைப் பூட்டி மெயினை அணைத்து சீல் வைத்த அன்றைக்கே மீன் எல்லாம் செத்துப்போயிற்று, நாற்றம் தாங்காமல் தொட்டியைக் கொட்டிவிட்டார்கள் என்றீர்கள். என் வாயைப் பிடுங்க அப்படிச் சொல்லியிருப்பீர்கள். நான்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனே, இனி அது எதற்கு? அந்த மிஷினை மாட்டியது நான். தண்ணீர் இப்போதும் இருபத்தைந்தில்தான் நிற்கும். யாரையாவது அனுப்பித் தீனி மட்டும் போடச் சொல்லுங்கள், கையை விட்டே போடலாம், பயமில்லை.