கெங்கம்மாள் தண்ணீர் குடித்த காட்சி

— "பார்க்கப் பார்க்கக் குமட்டுகிறது." கன்னியம்மா, இப்படி எழுதியிருக்கான் அந்த மெட்ராஸ் பத்திரிகைக்காரன்! நான் எடுத்த படத்தைப் பத்தி. த்தூ!

— எதப் பாத்து கொமட்டுச்சாம் சின்னய்யா?

— உங்க அக்கா கெங்கம்மா, எருமை எறங்குற குட்டைத் தண்ணியை அள்ளிக் குடிக்கிறாளே, அந்த சீன். ஃபேன் காத்துல காபி குடிக்கிற பசங்க! ராஜா வேணும், ராணி வேணும், மூச்சுக்கு ஒரு பாட்டு வேணும். கூலிக்காரி தாகத்துக்குத் தண்ணி குடிச்சா மட்டும் கொமட்டுது.

— அக்காளுக்குந்தான் கொமட்டுச்சு.

— அதான் நெசம்! ஸ்டுடியோவுல பானகத்தைக் கரைச்சுக் குடுத்திருந்தா அந்த முகம் வருமா? அவதான் இல்லாமப் போயிட்டா. நீயாச்சும் இன்னிக்குக் கொட்டகையில எழுந்து நின்னு, அது குட்டைத் தண்ணியேதான்னு சொல்லு. அதுக்குத்தான் கூப்பிட்டனுப்பினேன்.

— மொத வாட்டியே நல்லாத்தான் குடிச்சா. இன்னொருவாட்டி, இன்னொருவாட்டின்னு நீங்கதான கேட்டுகினே இருந்தீங்க?

— மேகம் மறைச்சுது. வெளிச்சம் வேணாமா?

— நீங்க கூஜாத் தண்ணி குடிச்சிகினு கீறீங்க. அவ குட்டையில எறங்கிகினு கீறா.

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— மறுநாளே வாந்தி, பேதி. கண்ணு உள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி குடுங்கன்னு உங்க வாசல்ல வந்து நின்னேன். வண்டியில கேமரா ஏத்தியாச்சு, மெட்ராஸ் போவணும்னு ஆள வுட்டுச் சொன்னீங்க.

— ஊரெல்லாம் காலரா இருந்த சமயம். என் மேல போடாதே.

— ஊர்ல வேற யாருக்கும் வரலீங்க. அவளுக்கு மட்டுந்தான்.

— வாயை மூடு! இந்தப் பேச்சை வெளியில எவன்கிட்டயும் எடுக்காதே.

— சொல்லிட்டனே. அந்தப் பத்திரிகைக்காரரு மணவூர்ல ரயில் எறங்கி எங்க தெருவுக்கே வந்தாரு. தண்ணி குடிச்ச பொம்பள எங்கன்னு கேட்டாரு. பொதச்ச எடத்தக் காட்டினேன். அங்கியே குந்திட்டாரு. கொமட்டுதுன்னதுக்குக் கீழ இன்னா எழுதிகீறாரு? அதயும் படிங்க.

— படிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. அவன் கெடக்கான். நம்ம ஜனங்க படத்தை ஒத்துக்கிட்டாங்க. அதோ பாரு, டிக்கட்டே இன்னும் குடுக்க ஆரம்பிக்கலை. திருவாலங்காடு, கனகம்மாசத்திரம்னு வண்டி வண்டியா வந்து எறங்குதுங்க.

— அல்லாரும் எங்க சொந்தக்காரங்க சின்னய்யா. உங்க படத்துக்கு வரல. அக்கா நடக்கறதப் பாக்கணும், சிரிக்கறதப் பாக்கணும்னு வந்துகினு கீறாங்க. அவ பொண்ணுக்கு அம்மா மொகமே மறந்துபோச்சு, அதயும் தூக்கியாந்துகீறோம். அக்கா அந்தக் குட்டையில கைய வெக்கறப்போ நாங்க அத்தினி பேரும் எழுந்து வெளிய வந்துடுவோம்.