வேணாம் ஆர்டிஸோட கையெழுத்து

அது கடிக்காதுப்பா, பயப்படாத. சும்மா கழுத்த நீட்டிக்கிட்டு சத்தம் போடும், அவ்வளவுதான். டேய் ஷெரிஃப், போடா அந்தப் பக்கம்! என்ன சிரிக்கிற, வாத்துக்கு ஷெரிஃப்னு பேரு வெக்கக் கூடாதா? நிஜ ஷெரிஃபே ஒருநா இந்த வாசலுக்கு வந்து, இது தொரத்தி, போலீஸ் காரு மேல ஏறி நின்னாரு. அதுலேருந்து பதவிய இதுக்கே குடுத்துட்டேன். வா, உள்ள வா தம்பி. ஷூவக் கழட்ட வேணாம், மிதியடியில நல்லாத் தேய்ச்சுட்டு வா. கோதுமைக்காட்டுச் சேத்துல இப்படி பளபளன்னு ஷூ போட்டுட்டு வர்றவன் ஒண்ணு வக்கீலா இருக்கணும், இல்ல சவப்பெட்டி விக்கிறவனா இருக்கணும். வக்கீலா? அப்ப சரி, உக்காரு.

மணியப் பாக்காத. மூணுதான் ஆவுது. கவுன்ட்டி தேர்தல் ஆபீஸ் நாலரைக்குத்தான் மூடுவாங்க, இங்கேருந்து நாப்பது நிமிஷம். நான் கையெழுத்துப் போட அஞ்சு செகண்டு. மிச்ச நேரத்துக்கு காபி குடிப்போம்.

எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியாதா? ரேடியோவுல காலையிலேருந்து அதானே ஓடுது. இடைத்தேர்தல்ல ரெண்டு பேருக்கும் பதினோராயிரத்து இருநூத்தி ஆறு ஓட்டு. தபால்ல வந்த ஓட்டுக் கவருல எண்ணாதது ஒண்ணே ஒண்ணு பாக்கி. அவங்ககிட்ட இருக்கற பழைய கையெழுத்தோட ஒத்துப்போகலன்னு ஓரமா எடுத்து வெச்சிருக்கான், அது என்னோடது. இன்னிக்கு நான் அது என் கையெழுத்துதான்னு இந்தப் பாரத்துல போட்டு அனுப்பலன்னா, சட்டசபைக்கு யாரு போறதுன்னு பூவா தலையா போட்டுப் பாப்பாங்களாம். வெளங்கும்!

எப்படி ஒத்துப்போகும், சொல்லு? இந்த விரலப் பாரு. மூட்டுவாதம் வந்து இஞ்சிக் கெழங்காட்டம் கெடக்கு. ஓட்டுச்சீட்டுக் கவர்ல நான் போட்ட கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியல, ஆபீஸ்காரன் பாவம் என்ன பண்ணுவான்.

அந்த பிரெட்ட எடுத்துக்க. பூசணி பிரெட். நான் பண்ணல, நேத்து எதிர்க்கட்சிக்காரன் கொண்டாந்தது. இவ்ளோ பெருசு. ஒரு மணி நேரம் உக்காந்து, என் வீட்டு ஜன்னல் நல்லாருக்கு, வாத்து நல்லாருக்குன்னு பாடுனான். ஷெரிஃப நல்லாருக்குன்னு சொன்ன முத மனுஷன் அவந்தான். நம்பாம என்ன பண்றது, பிரெட்ட வாங்கிக்கிட்டு அனுப்பிட்டேன். கையெழுத்தா? போடல. அவனுக்கு நிச்சயம் நான் அவங்க ஆளுக்குத்தான் போட்டிருப்பேன்னு. ஊரே அப்படித்தான் நெனைக்குது.

ஏன்னா? உனக்குத் தெரியாதா? உன்னோட வேட்பாளர் லவோன் என் கூடப்பொறந்த தங்கச்சி.

மெதுவா, மெதுவா, காபி மூக்குல ஏறிரும். சொல்லலையா அவ? ஓ, வீட்டு நம்பர மட்டும் சொல்லி, அங்க போகாதன்னாளா. அவ சொல்லியும் மீறி வந்திருக்க. பொழைச்சுக்குவப்பா நீ.

பன்னெண்டு வருஷம் ஆச்சு நாங்க பேசி. ஊர்ல இருக்கறது ஒரே மளிகைக்கடை. எதிர்ல அவ வந்துட்டான்னு வையி, உடனே ஒரு பீன்ஸ் டப்பாவ எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுருவா. நானும் சும்மா இருப்பேனா, பக்கத்து டப்பாவ எடுத்துப் படிப்பேன். எந்த டப்பாவுல எவ்ளோ உப்புன்னு இந்த ஊர்லயே எங்க ரெண்டு பேருக்குத்தான் மனப்பாடம்.

என்னை ஊர்ல என்னன்னு கூப்புடுவாங்க தெரியுமா? வேணாம் ஆர்டிஸ். மூஞ்சிக்கு நேராவே. நம்ம மாநிலத்துல ஆளத் தேர்ந்தெடுத்தாப் போதும்னு விடுறானா? சீட்டத் திருப்புனா அந்தப் பக்கம் சட்டத்துக்கெல்லாம் ஆமாவா வேணாமான்னு கேள்வி. கார் வரிக்கு ஒண்ணு, மலைச்சிங்க வேட்டைக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஒண்ணு. எல்லாம் உன்னை மாதிரி ஆளுங்க எழுதுறது. போன சட்டத்த வேணாம்னு சொன்னதை வேணாம்னு நெனைக்கிறவங்க ஆமான்னு போடணுமாம். தல சுத்தாது? நான் ஒரு கொள்கை வெச்சிருக்கேன். புரியலன்னா வேணாம். புரிஞ்சா கண்டிப்பா வேணாம்.

இருப்பா, அதுக்குத்தான் வர்றேன். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊருக்குன்னு ஒரு கேள்வி வந்துச்சு. நீச்சல் குளத்த நடத்த ஒரு சின்ன வரி, ஆமாவா வேணாமா. லவோன் அங்கதான் இருபத்திரெண்டு வருஷம் நீச்சல் சொல்லிக்குடுத்தா. இந்த ஊர்ல தண்ணியில மெதக்கத் தெரிஞ்ச அத்தனை பேரும் அவகிட்ட திட்டு வாங்கினவங்கதான். வீடு வீடா ஏறி எறங்குனா. கடைசியில ஆமா நானூத்திப் பதினெட்டு, வேணாம் நானூத்திப் பதினெட்டு. ஆளுங்களுக்குள்ள சமம்னாத்தான் பூவா தலையா. கேள்விக்கு அது கெடையாது. சமம்னா தோத்துப் போச்சுன்னுதான் கணக்கு.

வர்ற வழியில மஞ்சளா பனி தள்ளுற வண்டிங்க நிக்குதே, பாத்தியா? அதுக்கு அடியிலதான் குளம். லாரி லாரியா சரளைய கொட்டி மூடிட்டானுங்க.

அன்னிக்கு அவ இங்க வந்தா. நீ நின்ன அதே வாசல். கழுத்துல விசிலு தொங்குது. குளமே போச்சு, விசில மட்டும் மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. நீ வேணாம்தான போட்ட, அக்கா? அப்படின்னா. ஆமா, வேணாம்தான்னேன் நான். திரும்பிப் போயிட்டா. அதோட சரி.

என்னத்துக்கு உன் மூஞ்சி இப்படி தொங்கிப் போச்சு? போடறேன்னுதானப்பா சொல்றேன். பேனா எங்க, உன்னுது வேணாம், வழுக்கும். அந்த டிராயர இழு. இன்னும் பலமா இழு, மரம் ஊறிப் போயிருக்கு. பேட்டரிக்கு அடியில, பேண்டேஜுக்கு அடியில... அது பேனா இல்ல, கவரு. பரவால்ல, அதையும் எடு. எடுக்கச் சொல்லத்தான் இருந்தேன்.

பிரிச்சுப் படி. நீ கையில வெச்சிருக்கற பாரம் மாதிரியே இருக்கா? இருக்கும். தேதியப் பாரு.

ஆமா. பன்னெண்டு வருஷம்.

அந்தக் குளத்து ஓட்டு நேரத்துல நான் ஏணியிலேருந்து விழுந்து வலது மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு. எடது கையால கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சேன். பத்து நாள்ல இது வருது. உங்க கையெழுத்து உங்களோடதாத் தெரியல, சரி பண்ணி அனுப்புங்கன்னு. எனக்கு வந்துச்சே கோவம்! யாரப் பாத்து? பொறந்ததுலேருந்து இந்த ஊர்ல கெடக்கறேன், என்னை நானில்லங்கிறான். போடா நீயும் உன் ஓட்டும்னு டிராயர்ல விட்டெறிஞ்சேன். ஒரு ஓட்டு, அதுல என்ன ஆயிரப் போவுதுன்னு நெனைச்சேன்.

என் ஆயுசுல ஆமான்னு போட்ட ஒரே சீட்டு அதுதான் தம்பி.

அவகிட்ட ஏன் அப்படிச் சொன்னேனா? வேற என்னன்னு சொல்றது? உன் குளத்துக்கு ஆமான்னுதான் போட்டேன், ஆனா ஒரு கடுதாசிக்குக் கோவிச்சுக்கிட்டு மூட விட்டுட்டேன்டின்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்வேன்? எதிரியா இருந்துட்டுப் போயிரலாம். மடச்சியா அவ முன்னாடி நிக்க முடியல. அவ இல்லாம நாளு போகுது, போகாமயில்ல. ஆனா அந்த பீன்ஸ் டப்பாவப் பாத்தா எனக்கு அழுகையா வருதுப்பா.

தெரியும், நான் ஆமான்னு போட்டதுக்கு இது அத்தாட்சி இல்ல. ஆனா அந்த நானூத்திப் பதினெட்டு வேணாம்ல என்னுது இல்லைன்னு இந்தக் காகிதம் சொல்லும். மிச்சத்த அவதான் நம்பணும்.

நேத்து வந்தவன்கிட்டயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கலாம். பாவம், பூசணி பிரெட்டும் குடுத்து, லவோனோட ஜெயத்தையும் தன் கையாலயே கொண்டு போய்ச் சேத்திருப்பான். நெனைச்சு நெனைச்சு ராத்திரி பூரா சிரிச்சேன். ஆனா இந்தக் கவர அவன் கொண்டு போய்க் குடுக்க மாட்டானே.

இந்தா, போட்டாச்சு. கோணலாத்தான் இருக்கு, ஆனா என்னுதுதான்னு நீயே பாத்த. பாரத்த மொதல்ல ஆபீஸ்ல குடு, மணி மூணேமுக்கால் ஆயிருச்சு பாரு. அப்புறம் அந்தக் கவர அவ கையில குடு. ஜெயிச்சாளா தோத்தாளான்னு தெரியறதுக்கு முன்னாடியே குடுத்துரு. படிச்சுட்டுத் திட்டணும்னா போன்ல வேணாம், இங்க வந்து திட்டச் சொல்லு.

ஷெரிஃப இப்பவே அடைச்சு வெச்சுர்றேன்னும் சொல்லு.