ஒரு சொட்டுத் தொடாதவன்

– ரூம் கதவை விட்டு நகரு. பாப்பாவைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.

– இப்பத்தான் ஸ்கூல் விட்டு வந்து படுத்தா. எழுப்பாதீங்க அண்ணி.

– அண்ணின்னு கூப்பிடாத. குடிகாரி வாயால எனக்கு எந்த முறையும் வேண்டாம்.

– சரி, கூப்பிடல. அவளைத் தொடாதீங்க.

– கண்ணுக்குக் கீழ என்ன? போதையில கதவுல இடிச்சுக்கிட்டியாம், என் கூடப்பொறந்த தம்பி சொன்னான்.

– ஆமா. இந்த வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரல் இருக்கு.

– வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. அவன் ஒரு சொட்டுத் தொட்டவன் இல்ல, தெரியும்ல?

– தெரியும். நிதானமாத்தான் அடிப்பாரு. முதல்ல வாட்சைக் கழட்டி மேஜையில வைப்பாரு.

– அதுக்குன்னு குடிப்பியா? அடி வாங்கறவ எல்லாம் பாட்டிலைத் தூக்கினா ஊரு தாங்குமா? எங்கம்மா அப்படித்தான் குடிச்சே செத்தா. அந்த வாடையில நான் வளர்ந்தது போதும். பாப்பாவுக்கு வேண்டாம்.

– குடிச்சேன், இல்லைங்கல. முதல்ல வலி தெரியாம இருக்க. அப்புறம் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கை பாட்டிலைத் தேடும். தையல் கடையில ஊசி கோக்க முடியாம வேலையும் போச்சு. மழை ஆரம்பிச்சதிலேர்ந்து தொடல.

– புளுகாத. சோப்புத்தூள் டப்பாவுக்குள்ள பாருன்னான். பார்த்து எடுத்துட்டுத்தான் வந்தேன். இது என்ன, இருமல் மருந்தா?

– மூடியைப் பாருங்க. சீல் உடைக்கல. குடிகாரி வீட்டுல அது ஒரு ராத்திரி தாங்குமா?

– அப்ப யாரு வாங்கி வச்சது?

– ஒரு சொட்டுத் தொடாதவர்தான். நான் தெளிவா இருந்தா ஸ்டேஷனுக்குப் போயிருவேன்னு பயம். வாடை அடிச்சா எவன் என் பேச்சைக் கேப்பான்? நீங்களே கேக்கல.

– அவன் மேல பழி போட்ட, பல்லைத் தட்டிருவேன்.

– தட்டுங்க. உங்க குடும்பத்துக்குக் கைவந்த வேலைதானே. முந்தாநேத்து அவர் அடிச்சு முடிச்சதும் அதை எடுத்துட்டு வந்து நீட்டினது பாப்பா. 'அப்பா குடுக்கச் சொன்னாரு, குடிச்சா வலிக்காதாம்மா'ன்னா.

– என்ன சொன்னா?

– குடிச்சா வலிக்காதாம். எடுத்த இடத்துலயே வைடின்னேன். கொட்டினா இன்னொண்ணு வரும். ஏன் முகம் செத்துப்போச்சு? நம்பலைன்னா கிளம்புங்க.

– எங்கம்மாவுக்கு நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். எங்கப்பாவும் ஒரு சொட்டுத் தொட்டதில்ல.